வினாத்தாளில் இல்லாத ஆறு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாளல்ல, முறையாகப் பரீட்சை எழுதி, கடல் கடந்த சர்வகலாசாலை ஒன்றால் ஊர்ஜிதம் செய்யப்பட்ட முட்டாள். லத்தீன் பாஷையில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் என்ன உறவு என்று தெரியாமலே லத்தீன் பரீட்சைக்குப் போய், போதாதென்று மேற்கொண்டு காகிதமும் கேட்டு வாங்கி எழுதிவிட்டு, மீசையை நீவிக்கொண்டு வெளியே வந்தவன் நம் ஜில்லாவில் வேறு எவனாவது இருந்தால், அவனுடைய விலாசத்தை எனக்குத் தெரிவியுங்கள். இரண்டு பேருமாக ஒரு சங்கம் வைக்கலாம்.

இப்போது இலங்கையில், கண்டிப் பக்கத்துக் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறேன். இங்கே விடிவது சூரியனால் அல்ல, தப்பு மேளச் சத்தத்தால். சூரியன் தோட்டத்துக்கு வேலைக்கு வருவது அவ்வளவு நிச்சயமில்லை. பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் நிற்கும் காளியம்மா தினமும் ஏதாவது ஒரு மனு வைத்திருப்பாள். "ஐயா, சீமைப் பாசையில ஒரு வார்த்தை சொல்லி இந்த மழைய நிறுத்துங்களேன்." அது பரீட்சைப் பாஷை, மழைக்குக் கேட்காது என்பேன். "அப்ப காலக் கடிக்கிற அட்டைக்காச்சும் கேக்குமா?" களம் முழுதும் சிரிக்கும். நம் ஊரில் மழை வேண்டி அம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிறோம். இங்கே மழை நிற்கவேண்டி லத்தீனைக் கூப்பிடுகிறார்கள். நான் லத்தீன் படித்த கதை இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நானே சொன்னதுதான். என் தோல்வியை அடுத்தவன் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் நான் சொல்லிச் சிரித்துவிடவேண்டும். அது எனக்கு ஒரு வியாதி. அந்த வியாதியும் இந்தக் கதையில் தன் பங்கைச் செய்தது.

ஸ்ரீவைகுண்டத்தில் தாமிரபரணிக் கரையில் பிறந்து, இன்டர்மீடியட்டில் கணக்கில் மட்டும் திரும்பத் திரும்பக் கவிழ்ந்துகொண்டிருந்தவன் நான். கடைசியில் ஒரு தூரத்து உறவினர் தயவில் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கீழ்வகுப்பு வாத்தியாராக வந்து சேர்ந்தேன். தற்காலிக வேலை. ஹெட்மாஸ்டர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். என்னை உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, மிகவும் இனிமையாகச் சொன்னார்: சீமைச் சர்வகலாசாலையின் இன்டர் பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வருஷக் கடைசித் தவணையோடு சரி. அதாவது பாஸானால் கண்டி, தவறினால் கப்பல். இதை ஊருக்கு எழுதினேன். என் தாயார் அதில் 'சீமை' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, பையன் சீமையில் படிக்கிறான் என்று தெரு முழுதும் சொல்லிவிட்டாள். கண்டிக்கும் சீமைக்கும் நடுவே ஒரு சமுத்திரம் இருப்பதை அவளுக்கு விளக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊரில் நமக்குச் சர்வகலாசாலை என்றால் தூண் இருக்கும், மணி அடிக்கும், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடக்க ஒரு நடை இருக்கும். இங்கே என் சர்வகலாசாலை தபாலில் வந்தது. பாடம் கப்பலில் வரும். விடையெழுதி அனுப்பினால் கப்பலில் போகும். யாரோ ஒரு முகமறியாத துரை திருத்தி, சிவப்பு மையில் ஒரு எழுத்துப் போட்டு அனுப்ப, அது திரும்பி வருவதற்குள் நான் என்ன எழுதினேன் என்பதே எனக்கு மறந்திருக்கும். ஒருமுறை லத்தீன் விடைக்கு 'டி' போட்டு அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். அவ்வளவு தாழ்ந்த எழுத்துக்குக்கூட நான் தகுதியா என்ற சந்தேகம் போலும். ஊர்ப் பரீட்சையில் விழுந்த பாடத்தை மட்டும் மறுபடி எழுதித் தொலைக்கலாம். சீமைப் பரீட்சையில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு கால் இடறினால் முழு ஆளும் படிக்கட்டின் அடியில்.

லத்தீனுக்கு மட்டும் தபால் போதாதென்று, கண்டி ஏரிக்கு மேலே குன்றின்மேல் குடியிருந்த ஒரு பறங்கிக்கார மாஸ்டரிடம் சனிக்கிழமைகளில் போனோம். போனோம் என்றால் நானும் கந்தையாவும் இன்னும் இரண்டு பேரும். கந்தையா யாழ்ப்பாணத்துக்காரன், கச்சேரி எனும் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா, என் அறைத் தோழன். அவனுக்குச் சிரிப்பு என்பது பண்டிகைக்கு மட்டும் எடுத்து உடுத்தும் வேட்டி. மாஸ்டரின் விறாந்தையில், கதிரை என்று இங்கே சொல்லும் நாற்காலிகள் மூன்றும் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியும் இருந்தன. வாராவாரம் சோதனை. மார்க்குகளைக் கீழிருந்து மேலே வாசிப்பார். ஆகக் குறைந்தவன் எழுந்து போய்ப் பெட்டியில் உட்காரவேண்டும். பெட்டியில் ஓர் ஆணி உண்டு. அது வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அந்த ஆணியையும் என்னையும் பிரிக்கச் சில மாதங்கள்வரை யாராலும் முடியவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. எங்கள் லத்தீன் பாடபுத்தகம் ஒரு ரோமாபுரித் தளபதியின் யுத்தக் கதை. அதற்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு ஒன்று பழைய புத்தகக்காரனிடம் கிடைத்தது. லத்தீன்தானே தெரியாது? மனப்பாடம் செய்யத் தெரியாதா? வாய்ப்பாட்டையும் தேவாரத்தையும் பிரம்படியோடு உருப்போட்டு வளர்ந்த தேகம் இது. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை அட்டை முதல் அட்டை வரை நெட்டுருப் போட்டேன். லத்தீனில் ஒவ்வொரு பத்திக்கும் முதல் இரண்டு சொற்களை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டேன். மந்தையில் காது வெட்டைப் பார்த்துத் தன் ஆட்டைப் பிடிக்கிறவனைப்போல. முதல் இரண்டு சொல்லைக் காட்டினால் போதும். மீதி தானாகக் கொட்டும்.

"உது சரிவராது, ஐசே," என்றான் கந்தையா.

"ஏன் வராது? மார்க்குதானவே வேணும்?"

"படிக்கிறது வேறை, விழுங்கிறது வேறை. தொண்டையிலை சிக்கும்."

எங்கள் அறை கண்டியின் கட்டுக்கலைப் பகுதியில் ரஹீம் நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு மேலே. விடியற்காலையில் கண்ணை மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நான் யுத்தக் கதையை ஒப்பிக்கும்போது கீழே கடை அமைதியாகிவிடும். அதை நான் கவனிக்கவேயில்லை. ஒருநாள் நானா மெதுவாக, "மகன், காலையில ஓதுறீங்களே, அது உங்கட கோயில்ல ஓதுறதா?" என்று கேட்டார். ஆமாம் என்றும் சொல்லமுடியவில்லை, இல்லை என்றும் சொல்லமுடியவில்லை. "அப்டித்தான் நினைச்சேன். நீங்க ஓதி முடியும் மட்டும் கிளாஸ் சத்தம் போடவேணாம்னு பொடியன்மாருக்குச் சொல்லீக்கிறேன்," என்றார். கிராமங்களைக் கொளுத்தி, கைதிகளை விற்று, எதிரிகளைக் கூண்டோடு வெட்டிச் சாய்க்கும் அந்தக் கதை கட்டுக்கலையில் பல மாதங்கள் வேதம்போல் மதிக்கப்பட்டது.

திட்டம் பலித்தது. பெட்டியிலிருந்து எழுந்தேன். மூன்றாம் கதிரை, பிறகு இரண்டாம் கதிரை. கடைசிச் சனிக்கிழமை மாஸ்டர் புத்தகத்தைத் திறந்து ஒரு பத்தியைத் தொட்டுக்காட்டினார். நான் தொடங்கினேன். நடுவில் அவர் புத்தகத்தை மூடிவிட்டார். நான் நிற்கவில்லை. தளபதி காட்டைத் தாண்டி, ஆற்றங்கரைக்கு வந்து, பாலம் கட்டி, அக்கரை போய்ச் சேரும்வரை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அந்த ஆற்றைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தாமிரபரணிதான் தெரியும். ரோமாபுரிப் படை எங்கள் படித்துறையில் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பதுபோல் இருக்கும். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல ஓட்டம்," என்று இங்கிலீஷில் சொல்லி, முதல் கதிரையைக் காட்டினார். கந்தையா எழுந்து எனக்கு இடம் விட்டான். அன்று மாலை ஏரிக்கரையில் எனக்கு எதிரே வந்தவர்களெல்லாம் எனக்காகவே ஒதுங்கி நடந்ததாக ஞாபகம்.

பரீட்சை கொழும்பில். மண்டபத்தில் மின்விசிறிகள் சுழன்றன. லத்தீன் தாளைத் திருப்பினேன். காது வெட்டு! அதே இரண்டு சொற்கள்! பக்கத்து மேசையில் கந்தையா பேனாவைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தடவிக்கொண்டிருக்க, நான் குதிரைமேல் ஏறிவிட்டேன். நம் ஊரில் பரீட்சை எழுதி வெளியே வருகிறவனிடம் எப்படி எழுதினாய் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை அடிஷனல் வாங்கினாய் என்றுதான் கேட்பார்கள். நான் எழுந்து நின்று அடிஷனல் காகிதம் கேட்டேன். கண்காணித்த கிழட்டுத் துரை காகிதத்தோடு வந்து, தாளில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு இருந்த லத்தீனையும் நான் எழுதி நிரப்பியிருந்த பக்கங்களையும் மாறிமாறிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "நிச்சயமாக வேண்டுமா?" என்று கேட்டார். மெச்சுகிறார் என்று நினைத்து, எழுந்து நின்று நன்றி சொன்னேன். அவருக்கும் அது ஒரு மறக்கமுடியாத நாளாக இருந்திருக்கும்.

திரும்பும் ரயிலில் மலையேறத் தொடங்கியபோது கந்தையா வாயைத் திறந்தான்.

"லத்தீன் எப்பிடி, ஐசே?"

"பிரமாதம்வே. அந்த ஆத்தைக் கடக்கிற இடத்துலதான் கொஞ்சம் கை வலிச்சிட்டு."

"எந்த ஆறு?"

"அதான், தளபதி பாலம் கட்டிக் கடக்கானே, அந்த ஆறு."

கந்தையா பையிலிருந்து வினாத்தாளை எடுத்து முழங்காலில் விரித்தான். "இஞ்சை பாரும். ஆள் காட்டுக்குள்ளை நிக்கிறான். முற்றுப்புள்ளி. அதோடை சரி. உதிலை ஆறே இல்லை."

"கொஞ்சம் தள்ளி வரும்லா?"

"புத்தகத்திலை வரும். தாளிலை வரேல்லை." பிறகு, ஒரு வைத்தியன் நோயாளியைக் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டான்: "எவ்வளவு தூரம் போனீர்?"

"அக்கரை மட்டும்."

அப்போதுதான் கந்தையா சிரித்தான். பண்டிகை வேட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் உடுத்திவிட்டான். கடுகண்ணாவைச் சுரங்கங்களின் இருட்டிலும் அவன் சிரிப்பு நிற்கவில்லை. வெளிச்சம் வந்து பார்த்தால் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எதிரே இருந்த சிங்களப் பெரியவர், யாரோ செத்துவிட்ட செய்தி என்று நினைத்து, அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, செத்தது யார் என்பது புரிந்ததுபோல என் தோளையும் தட்டினார்.

இனி என் வியாதி. கந்தையா யாரிடமும் சொல்லமாட்டான்; அவன் அப்படிப்பட்டவனல்ல. நான்தான் சொன்னேன். ஆசிரியர் அறையில், கடையில், ஏரிக்கரையில், ஒவ்வொரு முறையும் ஆற்றைக் கொஞ்சம் அகலமாக்கிச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் நம்மைக் கைவிடமாட்டார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. மற்றப் பாடங்கள் நன்றாகத்தான் எழுதியிருந்தேன். லத்தீனிலும் காட்டுக்குள் நிற்கிறவரை சரிதானே, அதற்கு மார்க் போட்டுவிட்டு ஆற்றை அடித்துவிட மாட்டார்களா என்று உள்ளூர ஒரு ஆசையும் இருந்தது. ஒருநாள் வகுப்புக்குப் போனால் கரும்பலகை முழுதும் ஓர் ஆறு. நடுவே தலைப்பாகை கட்டிய ஒருவன் முழுகிக்கொண்டிருக்கிறான், மீசை என்னுடையது. அக்கரையில் ஒரு ரோமாபுரிக்காரன் கையசைக்கிறான். வகுப்பு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, மீசையைச் சற்றுத் திருத்தி, ஓரத்தில் 'பத்துக்கு ஏழு' என்று மார்க் போட்டேன். பையன்கள் கூரை இடியச் சிரித்தார்கள். திரும்பினால் வாசலில் ஹெட்மாஸ்டர். அவரும் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளுமளவு சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. என் வேலை உறுதி என்று அன்றைக்கு இரண்டு வடை அதிகமாகத் தின்றேன்.

தேறியவர்களின் எண்கள் மட்டுமே பத்திரிகையில் வரும். நம் ஊரில் பெயரைச் சுவரில் ஒட்டி, தெருவே கூடி வாசித்து, தவறியவன் வீட்டுக்கு ஆறுதல் சொல்லக் கூட்டமாகப் போவார்கள். அதில் பாதி வேடிக்கை பார்க்கத்தான் என்றாலும் ஒரு துணை. இங்கே தவறியவன் வெறுமனே இல்லாமல் போகிறான். நானாவின் கடையில் பத்திரிகையை விரித்தேன். கந்தையாவின் எண் இருந்தது. என் எண் இருக்கவேண்டிய இடத்தில் பத்திரிகையின் மூலையே இல்லை, கிழிக்கப்பட்டிருந்தது.

"அதா? கட்லட் சுத்திக் குடுத்துட்டேன், மகன். இப்பதான், ஸ்டேஷன் பக்கமா போன மனுஷனுக்கு."

ஓடினேன். மழையில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு கட்லட்டைத் துரத்தி ஓடினேன். அந்த ஆளை ரயில் நிலைய வாசலில் பிடித்தேன். சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் பசி என்று நினைத்து, பாதி கடித்த கட்லட்டைக் காகிதத்தோடு நீட்டினார். எண்ணெயில் நனைந்த அந்தக் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். குதிரைப் பந்தய முடிவுகள். அவற்றிலும் நான் இல்லை. திரும்பி வந்து மீதிப் பத்திரிகையைப் பார்த்தால், எண்களின் பட்டியல் கிழிசலுக்கு மேலேயே ஒழுங்காக முடிந்திருந்தது. நானா தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார். "பேப்பர்ல எத்தனையோ நம்பரு வரும், மகன். குடிங்க." மறுநாளிலிருந்து நான் ஓதவில்லை. கீழே கிளாஸ் சத்தம் பழையபடி தொடங்கியது.

ஹெட்மாஸ்டர் மறுபடி உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். "பையன்கள் உங்களை நினைத்து ஏங்குவார்கள்," என்றார். "நீங்கள் மிகவும் தமாஷானவர்." அவ்வளவுதான். லத்தீன் மாஸ்டரிடம் விடைபெறப் போனேன். என்னைக் கண்டதும் மேசைக்குக் கீழே இருந்த மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். ஆணி என்னை மறக்கவில்லை. எனக்கு லத்தீன் தெரியாது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "முதல் நாளிலிருந்து," என்றார். பிறகு ஏன் முதல் கதிரையில் உட்காரவைத்தீர்கள்? "என் மனைவி படுக்கையைவிட்டு எழுந்திருக்க முடியாதவள். சனிக்கிழமைதோறும் கேட்பாள், இன்றைக்கு எதுவரை போனான் என்று. அவளுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை." உள்ளறையிலிருந்து ஒரு இருமல் கேட்டது, இல்லை, சிரிப்பாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் நடந்து சில வருஷமாகிறது. கப்பலேறி ஊருக்குப் போனேன். சீமையில் படித்தவனை ஊர் ஆறு மாதத்துக்குமேல் தாங்கவில்லை. மறுபடி கடல் தாண்டி இந்தத் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். இப்போது மார்க் போடுகிறவன் நான். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று சில றாத்தல் கழிக்கவேண்டும், இலையில் ஏறிய மழைக்கென்று சில றாத்தல். துரையின் உத்தரவு. நேற்று காளியம்மா தராசையும் என்னையும் பார்த்து, "கூடைக்குக் கழிச்சாச்சு, மழைக்குக் கழிச்சாச்சு. எனக்குன்னு ஏதாவது மிச்சம் இருக்காங்கய்யா?" என்றாள். வழக்கம்போல எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். 'பத்துக்கு ஏழு' என்று சொல்லவா முடியும்?

கடைசியாக, அந்த முதல் திரும்பலைப் பற்றி. தலைமன்னாரில் கப்பலேறி நடுக்கடலில் நின்று பார்த்தேன். பின்னால் இருந்த கரையும் தெரியவில்லை, முன்னால் இருக்கவேண்டிய கரையும் தெரியவில்லை. பாலம் கட்டித் தரவும் ஆளில்லை. தனுஷ்கோடியில் இறங்கினால் சுட்டெரிக்கும் வெயில். கண்டிக் குளிருக்குப் போட்ட கோட்டோடு வரிசையில் நின்றேன். சுங்க அதிகாரி, நம்மவர்தான், நெற்றியில் விபூதி, தலை நிமிராமல் கேட்டார்: "எந்த ஊரு?"

எவ்வளவு காலம் கழித்து ஒருவர் தமிழில், நம் பேச்சில், என்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார்! தொடங்கிவிட்டேன். "பொறந்தது ஸ்ரீவைகுண்டம் சார், ஆத்தங்கரையிலயே வீடு. ஆனா இப்ப வாறது கண்டியில இருந்து. கண்டியில வாத்தியாரா இருந்தேன், இப்ப இல்ல. ஊருன்னு கேட்டா, அங்க இருக்கும்போது இதைத்தான் ஊருன்னு சொல்லுவேன், ஆனா வரும்போது ரயில்ல நெனைச்சேன், அந்த ஏரிக்கரையும்கூட ஒரு மாதிரிக்கு..."

அதிகாரி தலையை நிமிர்த்தினார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்."